சுருதி இறங்கியது ஏன்?

குழந்தையைக் கடிந்துகொள்வது எளிது. அக்குழந்தையின் கையில் நாம் கொடுத்த கருவியை எடுத்துச் சோதித்துப் பார்ப்பது சற்றுக் கடினம். எளியதை முதலிலும் கடினமானதைப் பின்னரும் செய்து, அதன்பொருட்டு வெட்கமுற்ற ஒருவன் எழுதும் கட்டுரை இது. பொருள் மிகச் சிறியது. ஒரு சிறிய கித்தாரின் தலைப்பகுதியில் தந்திகளை முறுக்கிப் பிடிக்கும் ஆறு திருகிகள் தேய்ந்துபோனதும், அவற்றை மாற்றியதுமே செய்தி. ஆயினும், வீட்டில் கித்தார் இல்லாதவர்களும் இறுதிவரை படிக்குமாறு வேண்டிக்கொள்கிறேன். காரணம் முடிவில் விளங்கும்.

பாடற்குழுவில் நடந்தது

எங்கள் பங்கு கடற்கரையை ஒட்டியது. கோயிலின் கீழை வாசலைத் திறந்துவைத்தால் உப்புக்காற்று பீடம்வரை வந்து போகும். பாடற்குழுப் பிள்ளைகளுக்கென்று ஒரு சிறிய கித்தார் உண்டு. முக்கால் அளவுக் கித்தார் என்று கடைகளில் சொல்வார்கள். பெரியவர்கள் வாசிக்கும் கித்தாரில் ஒலிக்கும் தந்தியின் நீளம் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர், இதில் 58. சிறு விரல்களுக்கு எட்டும்படி அமைந்தது. எனக்கு முன்னிருந்த பங்குத்தந்தையின் காலத்தில் வாங்கியது. எத்தனை பிள்ளைகள் அதில் கைபழகினார்கள் என்பதற்குக் கணக்கில்லை.

சென்ற திருவருகைக் காலத்தில், எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி அதை வாசித்து வந்தாள். ஒருநாள் பயிற்சியின்போது ஒரே பாடலுக்குள் மும்முறை சுருதி இறங்கிற்று. ஒவ்வொரு முறையும் அவள் நிறுத்தி, தலையைச் சாய்த்துக் காதுகொடுத்து, திருகியைத் திருகிச் சுருதி சேர்த்தாள். அடுத்த சரணம் வருவதற்குள் அது மீண்டும் இறங்கிற்று. ஆர்மோனியம் ஒரு பக்கம் இழுக்க, கித்தார் ஒரு பக்கம் இழுக்க, பிள்ளைகளின் குரல்கள் நடுவே தவித்தன. நள்ளிரவுத் திருப்பலிக்கு இன்னும் பத்து நாள்களே இருந்தன. பொறுமை இழந்த நான், "பாப்பா, உனக்குச் சுருதி ஞானம் போதாது. கித்தாரை வைத்துவிட்டுப் பாடுகிறவர்களோடு நின்றுகொள்" என்றேன். எல்லாரும் கேட்கவே சொன்னேன்.

அவள் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. கித்தாரை உறையிலிட்டுச் சுவரோரம் சாய்த்துவைத்தாள். மறுநாள் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

மூன்றாம் நாள் மாலை அவளுடைய தாத்தா வந்தார். விசைப்படகுகளின் எஞ்சின்களைப் பழுதுபார்த்தே நாற்பது ஆண்டுகளைக் கழித்தவர். குறைகூற வந்திருக்கிறார் என்றெண்ணி, அதற்குரிய விடையை மனத்துக்குள் ஆயத்தம் செய்துகொண்டேன். அவரோ, "சாமி, அந்தக் கித்தார ஒருக்கா பாக்கலாமா?" என்று மட்டுமே கேட்டார்.

அவருக்கு இசை தெரியாது. கித்தாரைக் குப்புறக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். தலையின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த குமிழ் ஒன்றை இரு விரல்களால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். குமிழ் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குச் சுற்று வெறுமனே ஆடிற்று. தந்தி சுற்றியிருந்த தண்டு அசையவேயில்லை. மற்றொன்றை அசைத்தார், அதுவும் அப்படியே. பிறகு நிமிர்ந்து பார்த்து, "சாமி, பிள்ள மேல குத்தம் இல்ல. பல்லு தேஞ்சு போச்சு. கம்பி இழுக்குது, இது விட்டுக்குடுக்குது" என்றார்.

அரை மில்லிமீட்டரின் வலிமை

தந்திக் கருவியின் இயல்பை அறிந்தால் அவர் சொன்னதன் ஆழம் புலப்படும். ஒரு தந்தியின் சுருதியை மூன்று தீர்மானிக்கின்றன: அதன் நீளம், எடை, இழுவிசை. முதலிரண்டும் மாறாதிருக்க, இழுவிசையைக் கூட்டியும் குறைத்துமே நாம் சுருதி சேர்க்கிறோம். கித்தாரின் மிக மெல்லிய முதல் தந்தி நொடிக்கு ஏறத்தாழ 330 முறை அதிரவேண்டும். அது 311 ஆகக் குறையுமானால் ஓர் அரைச்சுரம் இறங்கிவிட்டது என்று பொருள். இசை பயிலாதவர் செவிக்கும் அது உறுத்தும்.

எஃகுத் தந்தி பார்வைக்கு விறைப்பாயிருப்பினும், இழுத்தால் நீளும் இயல்புடையது. எங்கள் சிறிய கித்தாரில், முதல் தந்தி தளர்ந்த நிலையிலிருந்து முழுச் சுருதிக்கு வரும்போது சுமார் 4 மில்லிமீட்டர்தான் நீண்டிருக்கும். அந்த நான்கில் அரை மில்லிமீட்டர் தளர்ந்தாலே அரைச்சுரம் போய்விடும். ஒரு பாட்டைக் கெடுப்பதற்கு அரை மில்லிமீட்டர் போதும்!

தந்திகளின் இழுப்பும் சாமானியமானதன்று. இத்தகைய கித்தாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் விசை, ஏறக்குறைய 50 கிலோ எடைக்குச் சமம். ஒரு சிமெண்டு மூட்டையின் எடை அது. அதுவும் பாடும் நேரத்தில் மட்டுமா? கோயில் பூட்டிக் கிடக்கும் இரவிலும், நாம் உறங்கும் வேளையிலும் அந்த மூட்டை தொங்கிக்கொண்டே இருக்கிறது. அதைத் தாங்கி நிற்பவை, பாட்டுக் கேட்போர் எவரும் ஏறிட்டுப் பாராத அந்த ஆறு திருகிகளே.

திவவும் பிரடையும் புழுப்புரியும்

தந்தியை இழுத்துப் பிடிக்கும் சிக்கல் தந்தியிசையைப் போலவே பழைமையானது. யாழின் உறுப்புகளாகத் திவவு என்னும் வார்க்கட்டையும், மாடகம் என்னும் முறுக்காணியையும் நம் பழைய இலக்கியங்கள் கூறுகின்றன. விபுலாநந்த அடிகள் 1947-ஆம் ஆண்டு வெளியிட்ட 'யாழ் நூல்' அவ்விசைக் கருவிகளை விரிவாக ஆராய்கிறது. நம் வீணையில் இதே பணியைச் செய்வது பிரடை. துளைக்குள் இறுகப் பொருந்திய மரத் தண்டு அது. திருப்பிய இடத்தில் அதை நிறுத்திவைப்பது மரத்தோடு மரம் உராய்வதே.

இந்த மர முறுக்காணியில் ஒரு தொல்லை உண்டு. 8 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள முறுக்காணியால் அரை மில்லிமீட்டர் தந்தியை இழுக்கவேண்டுமானால், அதை ஏழு பாகை மட்டுமே திருப்பவேண்டும். கடிகாரத்தின் பெரிய முள் ஒரு நிமிடத்தில் நகரும் அளவைவிடச் சற்றே அதிகம்! அவ்வளவு நுட்பமாகக் கை திருப்ப வேண்டும். திருப்பிய பின் நழுவாமலும் இருக்கவேண்டும். பிரடையோடு படும் பாட்டை வீணை வாசிப்போர் நன்கு அறிவர்.

ஐரோப்பாவிலும் கித்தார் நெடுங்காலம் மர முறுக்காணிகளோடுதான் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் உலோகத் திருகிகள் பரவலாயின. வியன்னா நகரின் புகழ்பெற்ற கைவினைஞர் யோகான் கேயார்க் ஸ்டாவ்ஃபர் (1778–1853), ஆறு திருகிகளையும் தலையின் ஒரே பக்கத்தில் வரிசையாக அமைத்துக் கித்தார்கள் செய்தார். அவரிடம் தொழில் கற்ற கிறிஸ்டியன் ஃபிரடெரிக் மார்ட்டின் 1833-ஆம் ஆண்டு அமெரிக்காவுக்குச் சென்று, சில ஆண்டுகளில் பென்சில்வேனியா மாநிலத்தில் பட்டறை அமைத்தார். அவ்வூரின் பெயர் நாசரேத்து என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்வளிக்கும். தச்சர் ஒருவரின் ஊர்ப்பெயரைத் தாங்கிய அந்த ஊரில், அவருடைய வழியினரின் நிறுவனம் இன்றும் கித்தார் செய்துவருகிறது.

அந்த உலோகத் திருகியின் உட்பொருள் என்ன? கித்தாரைத் திருப்பித் தலையின் பின்புறத்தைப் பாருங்கள். ஒவ்வொரு தண்டின் அடியிலும் ஒரு சிறிய பித்தளைப் பற்சக்கரம் இருக்கும். அதன் பக்கத்தில், குமிழோடு சேர்ந்த எஃகுத் தண்டில் திருகாணியின் புரியைப்போல ஒரு புரி வெட்டப்பட்டிருக்கும். வளைந்து நெளியும் உருவால் அதைப் புழுப்புரி என்கின்றனர். குமிழை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் சக்கரத்தின் ஒரே ஒரு பல் நகரும். சக்கரத்தில் 14 பற்கள் இருப்பின், தந்தித் தண்டு ஒருமுறை சுழலக் குமிழை 14 முறை சுற்றவேண்டும். கைக்கு நுட்பம் கைகூடுவது இவ்வாறே.

இதனினும் வியப்பானது வேறொன்று. புரி சக்கரத்தைச் சுழற்றும். ஆனால் சக்கரத்தால் புரியைச் சுழற்ற இயலாது. புரியின் சாய்வு மிகக் குறைவாயிருப்பதால் உராய்வு அதைத் தடுத்துவிடுகிறது. ஆகவே தந்தி எவ்வளவு இழுத்தாலும் குமிழ் தானாகப் பின்சுழலாது. இந்தப் பொறியை ஆர்க்கிமிடீஸின் பெயரோடு சேர்த்துச் சொல்லும் மரபு உண்டு. நம் நாட்டிலோ, பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் பழைய சர்க்கியில் மரத்தாலேயே இத்தகைய புரியைச் செதுக்கி வைத்தார்கள்.

நிற்க. இத்தனை நல்ல பொறி எங்கள் கித்தாரில் ஏன் கைவிட்டது? பித்தளை எஃகைவிட மென்மையானது. ஆண்டுக்கணக்கில் உராய்ந்தால் பற்கள் மெலியும். அதன்மேல் கடற்காற்றின் உப்பீரம் பட்டுப் பச்சைக் களிம்பு ஏறும். புரித் தண்டைத் தாங்கும் தகட்டின் வளைவுகளும் அகன்றுபோகும். அப்போது புரிக்கும் பல்லுக்கும் இடையே வெற்றிடம் உண்டாகிறது. சுருதியை ஏற்றும்போது அந்த வெற்றிடம் மறைந்திருக்கும். சற்று ஏறிவிட்டதென்று இறக்கிச் சேர்த்தாலோ, புரி பின்வாங்கிவிடும். சக்கரம் மட்டும் களிம்பில் ஒட்டிக்கொண்டு பழைய இடத்திலேயே நிற்கும். பிறகு வாசிக்கும் அதிர்ச்சியில் அது திடீரென்று நழுவும், தந்தி தளரும். எங்கள் திருகியின் தண்டைச் சுற்றி ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். அதை 14-ஆல் வகுத்தால், குமிழின் ஒரு சுற்றுக்குத் தந்தி நகர்வது 1.4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மூன்றில் ஒரு பங்குச் சுற்று ஆட்டம் என்றால் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் என்றால் அரைச்சுரம்! அன்றிரவு தாளில் நான் போட்ட கணக்கும், மாலையில் அந்த முதியவரின் விரல்கள் சொன்னதும் ஒன்றாகவே இருந்தன.

சிறியது அற்பமன்று

"சாமி, சின்னப் பிள்ளைகள் கித்தார்தானே? தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று வாங்கிவிடலாம்" என்று பாடற்குழு இளைஞர் சிலர் கூறினர். சிறியது என்பதால் அற்பமாகிவிடுமா? வியன்னாவில் வாழ்ந்த இத்தாலிய இசைஞர் மௌரோ ஜூலியானி (1781–1829), வழக்கமான கித்தாரைவிடச் சிறியதாய், மூன்று அரைச்சுரம் உயர்ந்த சுருதியில் ஒலிக்கும் 'தெர்ட்ஸ்' கித்தாருக்கென்றே வாத்தியக் குழுவோடு இசைக்கும் பெரும் படைப்பை இயற்றினார்.

கிறிஸ்துமஸ் நெருங்கிய நேரமாதலால் மற்றொன்றும் என் நினைவுக்கு வந்தது. 1818 டிசம்பர் 24 இரவு, ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் சிற்றூர்க் கோயிலில் ஒரு புதுப் பாடல் முதன்முறையாகப் பாடப்பெற்றது. இன்று உலகமெங்கும் பாடப்படும் 'அமைதியான இரவு' அது. பாடலை எழுதியவர் அங்கு உதவிக் குருவாயிருந்த யோசேப் மோர். இசையமைத்தவர் பக்கத்து ஊர் ஆசிரியர் பிரான்ஸ் குரூபர். அன்று துணை நின்ற கருவி பேரார்கன் அன்று, கித்தார். மோர் வைத்திருந்த கித்தார் ஹல்லைன் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் காக்கப்படுகிறது. அதைப் பழையதென்று எவரும் தூக்கி எறிந்துவிடவில்லை.

எங்கள் கித்தாரின் மரத்தில் வெடிப்பில்லை, கழுத்து வளையவில்லை, ஒலி இனிமையாகவே இருந்தது. புதுக் கித்தார் சில ஆயிரம் ரூபாய். திருகிகளோ சில நூறு ரூபாய். எனவே மாற்றுவதென்று முடிவாயிற்று.

நோயை அறிதல்

மாற்றுவதற்கு முன் செய்யவேண்டிய சோதனைகளை அந்த முதியவரிடமே கற்றேன். சுருதி இறங்குவதெல்லாம் திருகியின் குற்றமன்று. தந்தி புதிதாயிருப்பின் சில நாள்கள் நீண்டுகொண்டுதான் இருக்கும். தண்டில் போதிய சுற்றுகள் இல்லையேல் தந்தி நழுவும். கழுத்தின் உச்சியில் தந்திகளைத் தாங்கும் பட்டையின் பள்ளத்தில் தந்தி சிக்கிக்கொண்டால், திருகும்போது 'டிக்' என்றொரு ஓசையோடு சுருதி துள்ளும்; பள்ளத்தில் பென்சில் கரியைச் சிறிது தடவினால் இது தீரும். சக்கரத்தின் நடுவிலுள்ள சிறு திருகாணி தளர்ந்திருந்தால் மெல்ல இறுக்கினாலே போதும். களிம்பேறி இறுகியிருந்தால் பற்களுக்கு மட்டும் ஒரு துளி மெல்லிய எந்திர எண்ணெய் இடலாம். மரத்தில் எண்ணெய் படலாகாது.

இவையெல்லாம் செய்து பார்த்தோம். நான்கு திருகிகளில் ஆட்டம் குறையவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தபோது பற்களின் முனைகள் கத்திபோல் கூராகத் தேய்ந்திருந்தன. தேய்ந்த பல்லுக்கு மருந்தில்லை.

அளவாமல் வாங்கிய பிழை

இங்கு நான் இரண்டாம் முறையும் அவசரப்பட்டேன். ஓர் இளைஞரை நகரத்துக்கு அனுப்பி, "கித்தார் கீ ஒரு செட் வாங்கி வா" என்றேன். கடைகளில் திருகியை 'கீ' என்றே கேட்கவேண்டும். அவர் வாங்கிவந்தது பளபளவென்று அழகாயிருந்தது, ஆனால் பொருந்தவில்லை. எங்கள் கித்தாரில் ஒரு பக்கத்துக்கு ஒரே நீளத் தகடும், அதில் மூன்று திருகிகளும் இருக்கும். புதுத் தகட்டில் தண்டுகளின் இடைவெளி வேறாயிருந்தது. முதல் தண்டைத் துளையில் இட்டால் மூன்றாவது தண்டு துளையின் விளிம்பில் முட்டிற்று.

துளைகளைச் சற்று அகலமாக்கிவிடலாமே என்றேன். முதியவர் உடனே கித்தாரைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். "மரத்தத் தொடாதீங்க சாமி. இரும்பு கடையில கிடைக்கும். வெட்டின மரம் திரும்பி வராது" என்றார்.

பிறகு முறையாக அளந்தோம். அளக்கவேண்டியவை நான்கு. முதலாவது, தண்டுகளின் இடைவெளி. முதல் தண்டின் நடுப்புள்ளியிலிருந்து மூன்றாம் தண்டின் நடுப்புள்ளிவரை அளந்து இரண்டால் வகுத்தால் பிழை குறையும். எங்களுக்கு 70 மில்லிமீட்டர் வந்தது, ஆகவே இடைவெளி 35. இன்று கிடைக்கும் தகட்டுத் திருகிகள் பலவற்றின் அளவு இதுவே. எனினும் பழைய கித்தார்களில் வேறுபடலாம். இரண்டாவது, தண்டின் குறுக்களவும், முன்புறத்தில் தண்டைச் சுற்றியுள்ள உலோக வளையம் இறங்கும் துளையின் அளவும். மூன்றாவது, தலையின் தடிமன். தண்டு குட்டையாயிருந்தால் தந்தி மாட்டும் துளை மரத்துக்குள்ளேயே நின்றுவிடும். நான்காவது, தகட்டைப் பிடிக்கும் திருகாணித் துளைகளின் இடம். இவற்றோடு, தலை தட்டையானதா அல்லது நடுவில் நீள்பள்ளங்கள் வெட்டியதா என்பதையும் கடையில் சொல்லவேண்டும். இரண்டுக்கும் திருகிகள் வேறு. பழைய தகட்டையே கையோடு கொண்டுபோவது எல்லாவற்றிலும் சிறந்தது.

ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டை வலிந்து திணித்தால் என்ன என்று கேட்கலாம். தண்டு சாய்ந்து மரத்தில் உராயும், திருகி இறுகும், சில மாதங்களில் புதுப் பல்லும் தேயும். பழைய நோய் புது உடையில் திரும்பி வரும்.

பொருத்திய விதம்

சரியான திருகிகள் கிடைத்த அன்று இரவு உணவுக்குப் பின் வேலை தொடங்கிற்று. தந்திகளை ஒன்றை முழுதும் கழற்றிப் பின் அடுத்தது என்றில்லாமல், எல்லாவற்றையும் சிறிது சிறிதாகத் தளர்த்தினோம். கழுத்தின்மீதுள்ள பாரம் ஒரு பக்கமாகச் சாயாதிருக்க இது நல்லது. தகடுகளைக் கழற்றுமுன் எது இடம், எது வலம் என்று குறித்துக்கொண்டோம்; இடம் மாறினால் குமிழைத் திருகும் திசை தலைகீழாகிவிடும்.

திருகாணிகள் உப்பேறித் துருப்பிடித்திருந்தன. வலிந்து திருகினால் தலை முறிந்து, உடல் மரத்துக்குள் தங்கிவிடும். முதியவர் சால்டரிங் அயர்னைச் சூடேற்றி, அதன் முனையை ஒவ்வொரு திருகாணியின் தலையிலும் சில நொடிகள் வைத்தார். சூட்டில் துருவின் பிடி தளர்ந்தது. பிறகு தலையின் பிளவுக்கு மிகச் சரியாகப் பொருந்தும் திருப்புளியால் திருக, எல்லாம் முழுதாக வெளிவந்தன.

பழைய திருகாணித் துளைகள் அகன்றிருந்தன. பல்குத்தும் மூங்கில் குச்சிகளை மர ஒட்டுப்பசையில் தோய்த்துத் துளைகளில் இறுக்கி, வெளியே நீட்டியதை வெட்டிவிட்டு இரவு முழுதும் உலரவிட்டோம். மறுநாள், தண்டு வளையங்களைச் சுத்தியலால் அடியாமல் ஒரு மரத்துண்டை வைத்து அழுத்தி இறக்கினோம். தகட்டை வைத்து, திருகாணிகளை இறுக்குமுன் ஆறு குமிழ்களும் தடையின்றிச் சுழலுகின்றனவா என்று பார்த்தோம். திருகாணியைவிட மெல்லிய சிறு துளை முதலில் இட்டு, புரியைக் கோயில் மெழுகுவர்த்தித் துண்டில் தேய்த்துத் திருகினோம். மெழுகு இருந்தால் திருகாணி மரத்தைப் பிளக்காமல் இறங்கும். ஒன்றையே முழுதும் இறுக்காமல் எல்லாவற்றையும் மாறி மாறி இறுக்கினோம்.

தந்தி மாட்டும்போது தடித்த தந்திகளுக்கு இரண்டு மூன்று சுற்றுகளும், மெல்லியவற்றுக்கு மூன்று நான்கு சுற்றுகளும், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் கீழ்நோக்கி அமையவேண்டும். சுருதியை எப்போதும் கீழிருந்து மேல்நோக்கியே சேர்க்கவேண்டும். ஏறிவிட்டால், நன்றாக இறக்கிவிட்டு மீண்டும் ஏற்றி வரவேண்டும். அப்போது பல்லும் புரியும் ஒன்றையொன்று அழுத்தி நிற்கும், நழுவ இடமிராது. புதுத் திருகிக்கும் இவ்விதி பொருந்தும்.

கேட்ட செவி

வேலை முடிந்தபோது கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள்கள் இருந்தன. அன்று மாலை அச்சிறுமி தாத்தாவின் பின்னால் வந்து வாசலருகே நின்றாள். பாடற்குழு முழுவதும் கூடியிருந்தது. எல்லாரும் கேட்கச் சொன்ன சொல்லை எல்லாரும் கேட்கவே திரும்பப் பெறவேண்டும் அன்றோ? "பாப்பா, அன்றைக்கு நான் சொன்னது தவறு. பழுது கருவியில் இருந்தது. நான் அதைப் பாராமல் உன்னைப் பழித்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு" என்றேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். தலைமுறை தலைமுறையாய் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் கேட்ட கோயில். அதைக் கேட்டுக்கொள்ளும் குருவைப் பார்ப்பது அவர்களுக்குப் புதிதாயிருந்திருக்கலாம்.

நான் கைப்பேசியில் உள்ள சுருதிமானியை வைத்து முன்பே சுருதி சேர்த்திருந்தேன். அந்தப் பெருமிதத்தோடு கித்தாரை அவள் கையில் கொடுத்தேன். அவள் ஆறு தந்திகளையும் ஒருமுறை மெல்ல மீட்டினாள். பிறகு மூன்றாம் தந்தியை மட்டும் மறுபடி மீட்டி, கன்னத்தை மரத்தோடு சேர்த்துக் கேட்டாள். "சாமி, மூணாவது கொஞ்சம் இறங்கி இருக்கு" என்றாள்.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சுருதிமானியை மீண்டும் வைத்துப் பார்த்தேன். முள் நடுவிலிருந்து மயிரிழை இடப்புறம் விலகி நின்றது. அவள் குமிழை மிகச் சிறிது திருப்பினாள். முள் நடுவில் வந்து நின்றது. சுருதி ஞானம் போதாது என்று நான் தீர்ப்பளித்த செவி, என் செவியைவிட நுண்மையானது! தேய்ந்த பற்களோடு போராடி, ஒரே பாடலில் மும்முறை அவள் சுருதி சேர்த்தது அவளுடைய குறையினால் அன்று. சிறு பிறழ்வையும் பொறுக்காத அவள் செவியின் நேர்மையினால். அவ்வளவு கேளாத ஒரு பிள்ளையாயிருந்தால் இறங்கிய சுருதியிலேயே வாசித்துக்கொண்டு போயிருப்பாள். என்னிடம் ஏச்சும் வாங்கியிருக்கமாட்டாள்.

நள்ளிரவுத் திருப்பலியில் அவள் வாசித்தாள். இறுதிப் பாடல்வரை சுருதி நின்றது. பின்வரிசையில் அமர்ந்திருந்த முதியவர் பாடலைக் கேட்டாரோ இல்லையோ, கித்தாரின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் சில வழக்கங்களை ஏற்படுத்தியிருக்கிறோம். வாசித்து முடிந்ததும் தந்திகளையும் திருகிகளையும் உலர்ந்த துணியால் துடைக்கவேண்டும். கடற்காற்று வரும் சாளரத்தருகே கித்தாரை மாட்டலாகாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பற்களுக்கு ஒரு துளி எண்ணெய் இடவேண்டும். இந்தப் பொறுப்பைச் சிறுமியிடமே ஒப்படைத்திருக்கிறேன். திருப்புளியைப் பிடிக்கத் தாத்தாவிடம் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

கித்தார் இல்லாத வீட்டாரையும் இறுதிவரை படிக்கும்படி வேண்டியதன் காரணத்தை இனிச் சொல்கிறேன். பலகையில் எழுதியதைப் பார்த்தெழுதத் தவறும் பிள்ளையை மந்தபுத்தி என்கிறோம்; அதன் கண்ணைச் சோதித்தோமா? கையெழுத்துக் கோணலாயிருக்கிறது என்று அடிக்கிறோம். கால் ஆடும் மேசையை நிமிர்த்தினோமா? எதையும் ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை என்று வீட்டில் அடிக்கடி கேட்கும் பிள்ளை, ஒருநாள் கருவியை உறையிலிட்டுச் சுவரோரம் சாய்த்துவிட்டு மௌனமாய்ப் போய்விடும். அப்படிப் போன பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரு தாத்தா வருவதில்லை.

கழற்றிய பழைய திருகிகளை நான் எறியவில்லை. ஒரு சிறு தகரப் பெட்டியில் என் மேசைமீது வைத்திருக்கிறேன். யாரேனும் ஒருவர் தம் பிள்ளையைப் பற்றிக் குறைசொல்ல வரும்போது, அந்தப் பெட்டியைத் திறந்து, ஒரு குமிழை அவர் கையில் கொடுத்து, அசைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.